வீட்டுக் கணக்குக்குக் குயிசினேர் கோல்கள்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சமயத்தில் வாங்கிய குயிசினேர் வண்ணக் கோல்களைத் தொடக்கப் பள்ளி முடியும்வரை அவள் பயன்படுத்தினாள். இப்போது அவள் தம்பி பயன்படுத்துகிறான். கைப்பேசிச் செயலிகளும் பயிற்சிப் புத்தகங்களும் வாய்ப்பாட்டு அட்டைகளும் இடையில் வந்து போயின. இந்தக் கோல்கள் மட்டும் நிலைத்ததற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். குழந்தைக்குக் கணக்கைக் கற்றுத்தரும் பொருளாக இவை பயன்பட்டதைவிட, குழந்தை கணக்கை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறது என்பதைப் பெற்றோருக்குக் காட்டித்தரும் பொருளாகவே அதிகம் பயன்பட்டன.

பெல்ஜியம் நாட்டுப் பள்ளி ஆசிரியரான ஜார்ஜ் குயிசினேர் இவற்றை உருவாக்கினார். 1950-களில் காலெப் கட்டெக்னோ என்ற கல்வியாளர் இவற்றைப் பல நாடுகளுக்குக் கொண்டுசேர்த்தார். 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து நீளங்கள், நீளத்துக்கு ஒரு நிறம்: வெள்ளை 1, சிவப்பு 2, இளம்பச்சை 3, ஊதா 4, மஞ்சள் 5, கரும்பச்சை 6, கறுப்பு 7, பழுப்பு 8, நீலம் 9, ஆரஞ்சு 10. கோல்களின் மேல் எண்களோ கோடுகளோ கிடையாது. அதை ஒரு குறையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எண் அச்சிடப்படாததுதான் இவற்றின் பெரிய பலம் என்பதே என் கருத்து. ஏன் என்பது பின்னம் படிக்கும்போது விளங்கும்.

முதலில் கழித்தல். 52-லிருந்து 38-ஐக் கழித்து 26 என்று மகள் எழுதியிருந்தாள். 2-லிருந்து 8 போகாது என்பதால் 8-லிருந்து 2-ஐ எடுத்துவிட்டாள். சிறு வகுப்புகளில் மிகப் பரவலாகக் காணப்படும் பிழை இது. ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்று சொல்லிக்கொடுத்திருந்தால் விடை சரியாக வந்திருக்கும். அதற்குப் பதிலாக இரண்டு எண்களையும் கோல்களால் அடுக்கச் சொன்னேன். ஐந்து ஆரஞ்சும் ஒரு சிவப்பும் மேல் வரிசை. மூன்று ஆரஞ்சும் ஒரு பழுப்பும் கீழ் வரிசை. கீழ் வரிசை மேல் வரிசையின் அளவுக்கு வர இன்னும் என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டேன். பழுப்பை ஒட்டி ஒரு சிவப்பை வைத்தாள், 40 ஆயிற்று. அடுத்து ஓர் ஆரஞ்சு, 50. கடைசியில் இன்னொரு சிவப்பு. இரண்டும் பத்தும் இரண்டும் பதினான்கு. பிறகு தன் நோட்டைப் பார்த்து, “அம்மா, 26 வச்சா வெளியில நீட்டிக்கிட்டு நிக்குமே” என்றாள். தன் விடை ஏன் பொருந்தாது என்பதை அவளே கண்டுகொண்டதைச் சிவப்பு மையில் இடும் எந்தத் திருத்தத்தையும்விட மேலாக நான் மதிக்கிறேன்.

சமக்குறியைப் பற்றியும் இதே அனுபவந்தான். 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொன்னால் பல குழந்தைகள் 12 என்று எழுதுவார்கள்; சமக்குறி என்றால் ‘இங்கே விடை எழுது’ என்ற கட்டளை என்றே அவர்கள் எண்ணுகிறார்கள். பழுப்பையும் ஊதாவையும் சேர்த்து ஒரு வரிசையாக வைத்து, அதன்கீழ் மஞ்சளை வைத்தால், மிச்ச இடத்தில் கறுப்பு மட்டுமே பொருந்தும். இரு பக்கமும் ஒரே அளவு என்ற பொருள் கண்ணெதிரே இருக்கிறது. பின்னாளில் 2x + 3 = 11 போன்ற சமன்பாடுகளைக் கண்டு மகள் மிரளாததற்கு இதுவும் ஒரு காரணம் என நம்புகிறேன். ஆரஞ்சும் வெள்ளையும் சேர்ந்த நீளத்துக்குக் கீழே ஓர் இளம்பச்சையை வைத்து, மீதியை ஒரே நிறத்தில் இரண்டு கோல்களால் நிரப்பு என்றால், ஊதாவைத் தேடி எடுக்க ஒரு நொடி போதும்.

பின்னந்தான் இந்தக் கோல்களின் முழுப் பயனையும் காட்டியது. ½ + ⅓ எவ்வளவு என்று கேட்டால் மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டி ⅖ என்பது குழந்தைகளின் வழக்கமான விடை. மீச்சிறு பொது மடங்கைக் கண்டுபிடிக்கும் முறையை மனப்பாடமாகச் சொல்லும் குழந்தையும், முறை மறந்துபோன அன்று இந்த விடைக்கே திரும்பிவிடும். வீட்டில் நாங்கள் செய்தது இது: கரும்பச்சையை ‘ஒன்று’ என்று வைத்துக்கொண்டோம். அதில் பாதி எது என்று தேடினால் இளம்பச்சை. மூன்றில் ஒரு பங்கு எது என்றால் சிவப்பு. இரண்டையும் நேர்வரிசையில் சேர்த்தால் மஞ்சளின் நீளம் வருகிறது. மஞ்சள் என்பது கரும்பச்சையின் ஆறில் ஐந்து. மேலும், அந்த நீளம் பாதியைவிடப் பெரியது என்பது தெரிகிறது. ⅖ பாதியைவிடச் சிறியது என்பதால் அது விடையாகவே இருக்க முடியாது. மறுநாள் ஆரஞ்சும் சிவப்பும் சேர்ந்த 12 செ.மீ. நீளத்தை ‘ஒன்று’ என்று வைத்து அதே கணக்கைச் செய்யச் சொன்னேன். கரும்பச்சையும் ஊதாவும் சேர்ந்து 12-இல் 10 வந்தது. ஆறில் ஐந்தும் பன்னிரண்டில் பத்தும் ஒன்றா என்று மகள் வெகுநேரம் யோசித்தாள், நான் குறுக்கிடவில்லை. முதல் நாள் ‘ஒன்று’ என நின்ற கரும்பச்சை இரண்டாம் நாள் ‘பாதி’ ஆனதைக் கவனியுங்கள். கோலின் மேல் 6 என்று அச்சிட்டிருந்தால் இது குழந்தையின் மனத்தில் அவ்வளவு எளிதாக நடந்திருக்காது.

பெருக்கலுக்கு இவை ஓரளவு உதவுகின்றன. நான்கு கரும்பச்சைகளால் அமைந்த செவ்வகத்தின் மேல் ஆறு ஊதாக்கள் அப்படியே பொருந்துவதைக் கண்டால் 4 × 6, 6 × 4 இரண்டும் ஒன்றே என்பது புரியும். வாய்ப்பாடு மனத்தில் பதிவதற்கு இது மட்டும் போதாது. சொல்லிப் பழகத்தான் வேண்டும்.

பெற்றோரின் பங்கைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடையே நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய இடங்களில் குழந்தைகள் அந்தக் கல்வியாண்டில் குறைவாகக் கற்றதும், அவர்களிடமும் கணக்குப் பயம் கூடியதும் தெரியவந்தது. அத்தகைய பெற்றோர் அரிதாக உதவிய வீடுகளில் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. ஆகவே உதவியே செய்யக்கூடாது என்று நான் பொருள்கொள்ளவில்லை. பதற்றத்தோடு நம் வழிமுறையை விளக்கத் தொடங்குவதுதான் தொல்லை. மேசையில் கோல்கள் இருந்தால் விளக்குவதற்குப் பதிலாகக் கேட்க முடிகிறது: “எப்படிக் கண்டுபிடிச்ச? வேற வழியில வருமா?” இந்தக் கேள்விகளைச் சரியான விடைக்கும் கேட்க வேண்டும். தவறும்போது மட்டும் கேட்டால், கேள்வி வந்ததுமே தப்பு என்று குழந்தை அழித்துவிடும். பள்ளியில் ஒரு முறை, வீட்டில் வேறொரு முறை என்ற மோதலும் இதனால் குறைகிறது; நாம் எந்த முறையையும் திணிப்பதில்லை அல்லவா?

குறைகளும் உண்டு. மகன் சில மாதங்கள் 7 என்ற எண்ணையே ‘கறுப்பு’ என்று அழைத்துக்கொண்டிருந்தான். நிறத்தை மறைத்து, கண்ணை மூடித் தொட்டுப் பார்த்து நீளத்தைச் சொல்லும் விளையாட்டுக்குப் பிறகே அது மாறியது. சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத பார்வைக்குறை உள்ள குழந்தைகளுக்கும் இப்படி நீளத்தைக்கொண்டே பழக்குவது நல்லது. நூற்றைத் தாண்டிய எண்களுக்கு இவை ஏற்றவையல்ல; குறை எண்களுக்கும் பெரிதாக உதவா. வெள்ளைக் கோல் 1 செ.மீ. கனசதுரம் என்பதால் எதையும் வாயில் போடும் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் கவனம் தேவை.

கோல்களிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடவும் கூடாது. அடுக்கியதைத் தாளில் பட்டைகளாக வரையச் செய்து, பிறகு எண்களாக எழுதச் செய்தால் கோல் தானாகவே தேவையற்றுப்போகிறது. வரைந்தே சரியாகச் செய்யும் குழந்தையிடம் கோலை எடுத்து நீட்ட வேண்டாம்.

வாங்குவோர் எண்ணிக்கையைப் பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் 74 கோல் கொண்ட பெட்டியில் வெள்ளை 22 இருக்கும். மஞ்சள் முதல் ஆரஞ்சு வரை ஒவ்வொன்றிலும் 4 மட்டுமே. மேலே சொன்ன 52, 38 கணக்குக்கே 9 ஆரஞ்சு தேவை. நாங்கள் மூன்று பெட்டிகளைச் சேர்த்துவைத்திருக்கிறோம். அது இயலாதவர்கள் தடித்த அட்டையை 1 செ.மீ. அகலத்தில், 10 செ.மீ. நீளத்தில் வெட்டி ஆரஞ்சு வண்ணம் பூசிக்கொள்ளலாம். பத்துகளுக்கு அது தாராளமாகப் போதும். கூடுதல் பெட்டியை வேறு தயாரிப்பில் வாங்கினால் நிற வரிசையும் 1 செ.மீ. அளவும் பழைய பெட்டியோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்; எல்லாத் தயாரிப்பிலும் அவை ஒன்றாக இருப்பதில்லை.