தேசிய ஆலோசனைக் குழுவா, நெட்லாக்கா?

சட்டங்கள் உருவாகும்போது அரசுக்கு வெளியே இருப்பவர்களின் குரலையும் கேட்க எந்த மாதிரி அமைப்பு நல்லது? இந்தியாவில் அரசுக்கு ஆலோசனை சொல்ல 2004-இல் சோனியா காந்தி தலைமையில் அமைந்த தேசிய ஆலோசனைக் குழுவில் அருணா ராய், ஜீன் டிரீஸ் போன்ற, களத்தில் உழைத்தவர்கள் இருந்தார்கள். தகவல் உரிமையும் நூறு நாள் வேலையும் 2005-இல் சட்டமானதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வேகம்தான் அதன் பலம். ஆனால் அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது; 2014-இல் ஆட்சி மாறியதும் குழுவும் போய்விட்டது.

தென்னாப்பிரிக்காவின் நெட்லாக் (தேசியப் பொருளாதார வளர்ச்சி, தொழிலாளர் பேரவை) 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள், சமூக அமைப்புகள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்; தொழிலாளர் மசோதாக்கள் அங்கே பேசப்பட்ட பிறகே நாடாளுமன்றத்துக்குப் போகும். இழுபறி அதிகம். குறைந்தபட்ச ஊதியத்துக்கு 2017-இல் உடன்பாடு. மணிக்கு 20 ராண்ட் என்று நடைமுறைக்கு வந்தது 2019-இல்தான்.

சரி, தாமதம்தான். ஆனாலும் என் ஓட்டு நெட்லாக்குக்கே. அதைக் கலைக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்ற வேண்டும்.