‘பெனாலிக்’ என்று வந்தது சாயம் பூசிய அட்டை: பாடி டியூப் வாங்குபவர்கள் கவனிக்க

ஹாபி ராக்கெட் பாகங்களை ஆன்லைனில் விற்கும் ஒருவரிடம் 54 மி.மீ. பெனாலிக் பாடி டியூப், அதாவது ராக்கெட்டின் உடலாகும் குழாய், வாங்கினேன். கரும்பழுப்பு நிறத்தில் பளபளவென்று வந்து சேர்ந்தது. துடுப்புகளைச் செருகப் பிளவு வெட்டியபோதுதான் குட்டு உடைந்தது. மேல்தோலில் மட்டும் பழுப்பு, உள்ளே வெளுத்த அட்டை. வெட்டிய விளிம்பு பிசிறு பிசிறாக எழுந்தது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது.

நிஜ பெனாலிக் என்பது கிராஃப்ட் எனும் உறுதியான காகிதத்தை, சூட்டில் கெட்டியாகும் பெனாலிக் ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து, சுற்றி, சூட்டில் இறுக வைப்பது. ரெசின் எல்லா அடுக்கிலும் இறங்கியிருக்கும் என்பதால் வெட்டுமுகம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே நிறமாக இருக்கும். நகம் இறங்காது. பலமாகத் தரையில் மோதினால் விரிசல் விடும், அது தெரிந்துதான் வாங்குகிறோம். பாராசூட்டை வெளியே தள்ளும் சிறு வெடிப்பின் சூட்டை அது நன்றாகத் தாங்கும், ஈரத்திலும் சுலபமாக உப்பாது. வெறும் அட்டையில் அந்தச் சூடு உள்சுவரைக் கருக்கி அடுக்குகளைப் பிரிக்கும், ஈரக்காற்றில் ஊதி, ராக்கெட்டை உந்தும் மோட்டார் உள்ளே நுழையாமல் அடம் பிடிக்கும்.

விற்றவரிடம் கேட்டேன். முதலில் “ஈரமான இடத்தில் வைத்திருப்பீர்கள்” என்றார். வெட்டுமுகத்தின் படத்தை அனுப்பியதும் பேச்சு மாறியது: “வெட்டிய டியூபைத் திரும்ப எடுப்பதில்லை.” வெட்டாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பதாம்? அதற்குப் பதில் இல்லை, பணமும் வரவில்லை.

வெட்டாமலே பிடிக்க ஒரு வழி இருக்கிறது: எடை. வெர்னியர் காலிப்பரால் வெளிவிட்டம், உள்விட்டம் இரண்டையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். இரண்டின் வர்க்கங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை 0.785ஆலும் நீளத்தாலும் பெருக்கினால் கன அளவு வரும். கிராமில் உள்ள எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. ராக்கெட் வடிவமைக்கப் பயன்படும் ஓப்பன்ராக்கெட் மென்பொருள் அட்டைக்கு 0.68, கிராஃப்ட் பெனாலிக்குக்கு 0.95, ஃபைபர்கிளாஸுக்கு 1.85 என்று வைத்திருக்கிறது. தயாரிப்பாளரைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் எனக்கு வந்தது அட்டையின் எண்ணை ஒட்டியே நின்றது. ஃபைபர்கிளாஸ் என்று விற்கப்படுவதற்கும் இதே கணக்கு செல்லும்.

அளக்கும்போதே காலிப்பரைக் கால் வட்டம் திருப்பி இன்னொரு முறை அளந்துவிடுங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போகாவிட்டால் குழாய் நசுங்கியிருக்கிறது, மேல்முனையில் செருகும் கூம்பான நோஸ் கோன் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் ஆடும். முனையின் உள்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தும் பார்க்கலாம். உடனே உறிஞ்சினால் அங்கே ரெசின் இல்லை.

அட்டையே மட்டம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறிய 18 மி.மீ., 24 மி.மீ. மோட்டார்களுக்கு, இறுக்கமாகச் சுற்றிய நல்ல அட்டைக் குழாய் தாராளமாகப் போதும். எடையும் குறைவு. அட்டையை அட்டை என்று சொல்லி விற்றால் நானே வாங்கியிருப்பேன்.

பணம் கட்டுவதற்கு முன் வெட்டுமுகத்தின் படம், இரண்டு விட்டங்கள், எடை மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள், அவ்வளவுதான். என்னிடம் விற்றவரின் விளம்பரம் இன்னும் ‘பெனாலிக்’ என்றே ஓடுகிறது. படங்களில் எல்லாக் குழாய்களின் முனையிலும் பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கிறார்.