ஈயத்துக்கு மாற்று: வெள்ளீயமா, பிஸ்மத்தா, செம்பா?

சீசியம் ஈய புரோமைட்டு நனோபளிங்கை (சில நனோமீற்றர் அளவே உள்ள, ஒளிரும் பளிங்குத் துகள்) எல்லா வகையிலும் அடித்துப்போடும் மாற்று இன்னும் வரவில்லை. 2015இல் சூரிச்சில் இரசாயனவியலாளர் கொவலெங்கோவின் குழு அதைத் தயாரித்தபோதே ஒளிர்வுத் திறன், அதாவது உறிஞ்சிய ஒளித்துகள்களில் திரும்ப உமிழும் பங்கு, 90 சதவீதம் வரை போனது. முன்பிருந்த காட்மியம் நனோபளிங்குக்கு மேலே ஓர் ஓடு வளர்த்தால்தான் நன்றாக ஒளிரும். இதற்கு அது தேவையில்லை. பளிங்கில் குறை இருந்தாலும் இலத்திரன்கள் அதில் அவ்வளவாகச் சிக்குவதில்லை. இதே பளிங்கு அமைப்புள்ள பொருட்களுக்குப் பெரொவ்ஸ்கைட் என்று பெயர்; ஈய பெரொவ்ஸ்கைட் சூரியக்கலமும் 2009இல் 3.8 சதவீதத்தில் தொடங்கி 26ஐத் தாண்டிவிட்டது.

பிறகு ஏன் ஈயத்தை விட வேண்டும்? யாழ்ப்பாணத்தில் இதற்குப் பதில் கிணற்றடியிலேயே இருக்கிறது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கும் தண்ணீர்தான். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் ஒருவருக்கும் மறந்திருக்காது. பெரொவ்ஸ்கைட்டில் உள்ள ஈயமோ நீர் பட்டால் கரைந்து வெளியேறக்கூடியது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் ஈயத்தை விட பெரொவ்ஸ்கைட்டிலிருந்து வந்த ஈயம் பத்து மடங்கு சுலபமாகப் புதினாச் செடிக்குள் ஏறியது. செம்மண்ணில் மரக்கறி செய்கிற ஊருக்கு இது சின்னச் செய்தி இல்லை.

ஈயத்தின் இடத்தில் முதலில் நினைவுக்கு வருவது வெள்ளீயம். ஆவர்த்தன அட்டவணையில் ஈயத்துக்கு நேர் மேலே இருப்பதால் அதே பளிங்கு அமைப்பில் அப்படியே பொருந்தும். சீசியம் வெள்ளீய அயடைட்டின் சக்தி இடைவெளி (ஒளியை உறிஞ்சத் தேவையான குறைந்தபட்சச் சக்தி) ஏறக்குறைய 1.3 இலத்திரன்வோல்ற்று, சூரியக்கலத்துக்கு இதைவிடப் பொருத்தம் கேட்க முடியாது. வெள்ளீயக் கலங்கள் 15 சதவீதத்தைத் தொட்டும்விட்டன. ஆனால் இரண்டு மின்னேற்றம் கொண்ட வெள்ளீயம் ஒட்சிசனைக் கண்டால் நான்கு ஏற்றத்துக்கு ஓடிவிடும். நனோபளிங்கில் மேற்பரப்பு அதிகம் என்பதால் பாடு இன்னும் மோசம்: 2016இல் கேம்பிரிட்ஜில் செய்த வெள்ளீய நனோபளிங்குகளின் ஒளிர்வு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மார்கழி மழையின் ஈரத்தில், நைதரசன் நிரப்பிய கிளவ் பொக்ஸ் (கையுறை வழியே கை நுழைத்து வேலை செய்யும் மூடிய பெட்டி) இல்லாமல் இதைத் தொடுவது வீண் வேலை. அப்புறம், ஈயம் இல்லை என்பதற்காக நஞ்சும் இல்லை என்று ஆகிவிடாது. அதே 2016இல் வரிக்குதிரை மீன்களை வைத்துச் செய்த சோதனையில் வெள்ளீய அயடைட்டுத்தான் ஈய அயடைட்டை விட அதிகம் கொன்றது. அது நீரை அமிலமாக்கிவிடுகிறது.

பிஸ்மத் வழி வேறு. இரண்டு ஈய அயன்களுக்குப் பதில் ஒரு வெள்ளி, ஒரு பிஸ்மத் என்று மாற்றிப் போடுவது இரட்டைப் பெரொவ்ஸ்கைட். 2016இல் இதை முன்வைத்தவர்களில் ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றும், இலங்கையைச் சேர்ந்த ஹேமமாலா கருணாதாசவின் குழுவும் ஒன்று. காற்றை வெள்ளீயத்தை விட நன்றாகத் தாங்கும். குறை என்னவென்றால் இடைவெளி 2 இலத்திரன்வோல்ற்றை ஒட்டியது, அதுவும் மறைமுகமானது, அதாவது ஒளியைப் பலவீனமாகவே உறிஞ்சும். சூரிய ஒளியில் பாதிக்கு மேல் அதன் கண்ணில் படாது. ஐதரசன் ஏற்றிச் சரிசெய்த பிறகும் கலம் 6 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. இதை வைத்துச் சூரியத் தகடு செய்யலாம் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. வெள்ளை ஒளிக்கென்றால் கதை மாறும். வெள்ளியில் ஒரு பகுதியைச் சோடியமாக்கி, பிஸ்மத்தைத் துளியாக்கி, இந்தியம் சேர்த்த குளோரைட்டுத் தூள் 2018இல் 86 சதவீதத் திறனைக் காட்டியது. ஆனால் அது தூள், நனோபளிங்கு அல்ல. இந்தியமும் மலிவு இல்லை.

செம்புதான் என் தேர்வு, ஒளிர்வுக்கு மட்டும். சீசியம் செப்பு அயடைட்டு கறாராகப் பார்த்தால் பெரொவ்ஸ்கைட்டே இல்லை, அமைப்பு வேறு. இருந்தாலும் 440 நனோமீற்றரை ஒட்டிய நல்ல நீலத்தில் 90 சதவீதம் அளவுக்கு ஒளிர்கிறது. உறிஞ்சும் ஒளியும் உமிழும் ஒளியும் வெகுதூரம் தள்ளி இருப்பதால் தன் ஒளியைத் தானே விழுங்காது. எக்ஸ்ரே உணரிக்கு இது பெரிய வசதி. இடைவெளி 3.8 இலத்திரன்வோல்ற்று அளவில் என்பதால் சூரியக்கலத்துக்கு உதவாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் துறையில் சூரியக்கல ஆய்வு நடப்பதால், மாணவர்களின் கை முதலில் வெள்ளீயத்துக்குத்தான் போகும். கிளவ் பொக்ஸ் நேரம் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் செம்பை எடுங்கள். செப்பு அயடைட்டுக் கரைசலை தொலுயீன் என்ற திரவத்தில் சொட்டினாலே அறை வெப்பநிலையில், திறந்த காற்றில் பளிங்கு விழும். ஒன்று மட்டும்: நோட்டுப் பார்க்கும் 365 நனோமீற்றர் டோர்ச்சை அடித்துவிட்டு ஒளிரவில்லையே என்று கொட்டிவிடாதீர்கள். இதற்கு 254 நனோமீற்றர் விளக்கு வேண்டும். சாதாரணக் கண்ணாடிக் குப்பியும் அந்த ஒளியை மறித்துவிடும். வடிதாளில் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்து, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.