பாத்ரூம் சென்சார் லைட்: எரிவதில் குறையில்லை, அணைவதில்தான் வில்லங்கம்

பாத்ரூமுக்கு சென்சார் லைட் போடலாமா என்று கேட்பவர்கள் எல்லாரும் எத்தனை அடி தூரத்தில் ஆளைக் கண்டுபிடிக்கும், எத்தனை வாட்ஸ் தாங்கும் என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: ஆள் உள்ளே இருக்கும்போதே லைட் அணைந்தால்?

எரிவதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு காலை உள்ளே வைப்பதற்குள் வெளிச்சம் வந்துவிடும். ஈரக்கையால் சுவிட்சைத் தொட வேண்டாம், நடுராத்திரியில் சுவரைத் தடவ வேண்டாம். ஒரே வாரத்தில் கை சுவிட்சையே மறந்துவிடும். வேறு வீட்டுக்குப் போனால் இருட்டு பாத்ரூமில் நின்றுகொண்டு லைட் தானாக வரும் என்று காத்திருக்கும் அளவுக்கு மறக்கும்.

அணைவதில்தான் வில்லங்கம். கடையில் அதிகம் கிடைப்பது பிஐஆர் வகை. இது ஆளைப் பார்ப்பதில்லை, நகரும் வெப்பத்தைப் பார்க்கிறது. முன்னால் இருக்கும் வெள்ளை உருண்டை வெறும் மூடி அல்ல, பாலிஎத்திலீனில் வார்த்த லென்ஸ். அது அறையை விசிறி மடிப்பு மாதிரி பல பட்டைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. உடம்புச் சூடு ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குத் தாண்டினால்தான் உள்ளே ஏதோ மாறியதாக அதற்குத் தெரியும். குறுக்கே நடந்தால் உடனே பிடிக்கும், நேராக அதை நோக்கி வந்தால் கொஞ்சம் மந்தம். வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்தவர் எந்தப் பட்டையையும் தாண்டுவதில்லை. சென்சாருக்கு அவரும் ஓரத்தில் இருக்கும் பக்கெட்டும் ஒன்றுதான். அதனால்தான் தலைக்கு மேல் இரண்டு கையையும் ஆட்டும் அந்தக் கேவலமான உடற்பயிற்சி. மூட்டு வலியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பதில் என்ன வரும் என்று தெரியும்.

பாதி நேரம் இது சென்சாரின் குற்றம் அல்ல, டைம் குமிழின் குற்றம். சென்சாரின் பக்கத்திலோ மூடிக்குள்ளோ டைம் (எவ்வளவு நேரம் எரிய வேண்டும்), லக்ஸ் (எவ்வளவு இருட்டில் எரிய வேண்டும்), சென்ஸ் (எவ்வளவு கூர்மையாக அசைவைப் பிடிக்க வேண்டும்) என்று மூன்று சின்னக் குமிழ்கள் இருக்கும். வேலை செய்கிறதா என்று பார்க்க எலக்ட்ரீஷியன் டைமைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்புவார். அது பெரும்பாலும் 10 நொடி. பார்த்த பிறகு திரும்ப ஏற்றாமலே ஏணியிலிருந்து இறங்கிவிடுவார். பாத்ரூமுக்கு 5 நிமிடத்துக்குக் குறைந்து எதுவும் உதவாது, 7 நிமிடம் இருந்தால் நிம்மதி. குமிழில் நிமிடக்கோடு இருக்காது. நடுவில் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். கதவு இடுக்கில் வெளிச்சம் மறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்து, அதற்கேற்பத் திருப்புங்கள். நேரத்தை மாற்றவே முடியாத சென்சார் பல்புகளை, ஹோல்டரில் மாட்டி 30 நொடியில் அணைகிற வகையை, பாத்ரூமுக்கு வாங்காதீர்கள். படிக்கட்டுக்கு நல்லது.

டைமை ஏற்றினால் மின்சாரம் போகாதா என்ற கேள்வி வரும். கணக்குப் போடலாம். 9 வாட்ஸ் எல்இடி, நாளுக்கு 20 தடவை போய்வரும் குடும்பம், ஒவ்வொரு தடவையும் 5 நிமிடம் வீணாக எரிகிறது என்றால் ஆண்டுக்கு ஐந்தரை யூனிட். சென்சார் சும்மா விழித்திருக்க அரை வாட்ஸ் தின்றால் அதற்கு ஆண்டுக்கு 4.4 யூனிட். ஆக மொத்தம் ஏறக்குறைய 10 யூனிட். அதே பல்பை நாளுக்கு 3 மணி நேரம் வீணாக எரியவிடும் மறதிக்காரர்கள் வீட்டில் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிக்குச் சரி வரும். மின்சாரம் மிச்சமாகும் என்று இதை விற்பவர்கள் பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு காலத்திலேயே நின்றுவிட்டார்கள். வசதிக்காக வாங்குங்கள், போதும்.

இனி கண்ணாடி. ஷவருக்குத் தனியாகக் கண்ணாடித் தடுப்பு வைத்த பாத்ரூமில் பிஐஆர் சென்சாரை வெளிப்பக்கம் மாட்டினால், குளிப்பவர் அதன் கண்ணுக்குக் கிடையவே கிடையாது. நம் கண்ணுக்குத்தான் கண்ணாடி தெளிவு. உடம்பு விடுகிற நீண்ட அலைநீள அகச்சிவப்புக் கதிர் அதைத் தாண்டாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எவ்வளவு குதித்தாலும் பயனில்லை, தலையில் ஷாம்பூவோடு இருட்டில் நிற்க வேண்டியதுதான். அக்ரிலிக் தடுப்பிலும் இதே கதை. இங்கே சென்ஸ் குமிழைக் கடைசிவரை முறுக்குவது வீண் வேலை. இரண்டு வழி உண்டு. ஷவர் பகுதிக்கு மேலே, சீலிங்கில், நீர் புகாத ஐபி65 சென்சார் இரண்டாவதாக ஒன்று மாட்டி, இரண்டின் அவுட்புட் வயரையும் ஒரே பல்புக்குச் சேர்த்துவிடலாம். இரண்டுக்கும் ஒரே ஃபேஸ் இருக்க வேண்டும் என்பது முக்கியம். இரண்டாவது வழி, சென்சார் வகையையே மாற்றுவது.

சூடும் ஒரு எதிரி. வெந்நீர் ஆவியில் சுவரும் காற்றும் உடம்புச் சூட்டை நெருங்கிவிட்டால் பிஐஆருக்கு ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் மங்கிவிடும். நன்றாக வெந்நீரில் குளிக்கும்போது மட்டும் லைட் அணைகிறது என்ற புகாருக்குக் காரணம் இதுதான், சென்சார் கெட்டுப்போகவில்லை.

மாற்று வகை மைக்ரோவேவ், கடையில் ரேடார் சென்சார் என்பார்கள். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை. கண்ணாடி, ஆவி, வெயில் எதுவும் இதற்குப் பொருட்டில்லை. ஆனால் மரக்கதவும் மெல்லிய சுவரும்கூடப் பொருட்டில்லை. வெளியே யாராவது நடந்தால் உள்ளே லைட் எரியும். பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஓடினாலும் சிலது எரியும். எக்ஸாஸ்ட் ஃபேனை லைட்டோடு சேர்த்து இணைத்திருந்தால் இன்னும் வேடிக்கை: ஃபேன் சுற்றுவதை அசைவு என்று எடுத்துக்கொண்டு லைட்டை அணைக்காது, லைட் அணையாததால் ஃபேன் நிற்காது. சென்ஸைக் குறைப்பது ஒரு வழி, ஃபேனைத் தனி சுவிட்சுக்கு மாற்றுவது உருப்படியான வழி.

அசையாமல் உட்கார்ந்திருப்பவரையும் பிடிக்க வேண்டுமென்றால் 24 கிகாஹெர்ட்ஸ் பிரசென்ஸ் சென்சார்தான் தீர்வு. மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்குவதே அதற்குப் போதும். ஆனால் எத்தனை மீட்டர் வரை பார்க்க வேண்டும் என்று எல்லை கட்டாவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கும். காற்றில் ஆடும் துண்டையும் மனிதராக்கிவிடும்.

அதிகம் எரிச்சலூட்டுவது இன்னொன்று. லைட் அணையும், இரண்டு மூன்று நொடியில் ஆளே இல்லாமல் தானாக எரியும், திரும்ப அணையும், எரியும். பேய் இல்லை. பல்பு சென்சாருக்கு ஒட்டி இருந்தால், அணைந்த பல்பு ஆறுவதையே பிஐஆர் வெப்ப மாற்றமாக எடுத்துக்கொள்ளும். பல்பைக் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி, லென்ஸின் பார்வைக்கு வெளியே வையுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் காரணமாக இருக்கலாம். மோட்டார் நிற்கும் நொடியில் லைனில் ஒரு உதை வரும், சென்சார் அதில் குழம்பும். ஃபேனின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஸ்நப்பர் (அந்த உதையை உறிஞ்சும் சின்னச் சுற்று) போட்டால் அடங்கிவிடும்: 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடராக. லென்ஸ் மேல் பல்லி ஊர்ந்தாலும் லைட் எரியும், அதற்கு ஸ்நப்பர் கிடையாது. கதவைத் திறந்து வைத்திருக்கும்போது வெளியே நடப்பவரைப் பிடித்தால், லென்ஸில் கதவைப் பார்க்கும் பகுதியை மட்டும் இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள்.

அடுத்தது அணையவே அணையாத லைட். சில காலம் நன்றாக ஓடியபின் இது வந்தால், ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் சென்சாரின் உடம்பில் லேசாகத் தட்டிப் பாருங்கள். உடனே அணைந்தால் ரிலே, அதாவது லைட்டைப் போட்டு அணைக்கும் உள் சுவிட்ச், ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்இடி எரியத் தொடங்கும் நொடியில் அதன் டிரைவர் இழுக்கும் மின்சாரம், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு. அப்போது எழும் பொறியில் ரிலேயின் முனைகள் பற்றவைத்ததுபோல் சேர்ந்துவிடுகின்றன. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 1200 வாட்ஸ் என்ற அளவு குண்டு பல்புக்கு. எல்இடிக்கான அளவு பொடி எழுத்தில் 300 என்றோ அதற்கும் கீழோ இருக்கும். சாலிடரிங் தெரிந்தவர் அதே காயில் வோல்ட்டேஜ் உள்ள ரிலே வாங்கி மாற்றிவிடலாம்.

வயரிங்கில் ஒன்றே ஒன்று. சுவிட்ச் போர்டில் நியூட்ரல் இல்லாத வீடுகளில் இரண்டு வயர் சென்சாரைத் தலையில் கட்டுவார்கள். அது தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பல்பு வழியாகவே எடுக்கும், எல்இடி அணைந்த பிறகும் மினுக்கும். பல்பு ஹோல்டரில் நியூட்ரல் கட்டாயம் இருக்கும். எம்சிபியை இறக்கிவிட்டு, மூன்று வயர் சென்சாரை அங்கே மாட்டுங்கள். பழைய சுவிட்ச் மெயின் மாதிரி நிற்கட்டும். கூடவே போர்டில் ஒரு பைபாஸ் சுவிட்ச்: சென்சாரின் ஃபேஸையும் அவுட்புட்டையும் நேராக இணைப்பது. போட்டால் சென்சார் என்ன நினைத்தாலும் லைட் எரியும். இதற்கு மேலிருந்து இன்னொரு வயர் இறக்க வேண்டும், அதனால் எலக்ட்ரீஷியன் முனகுவார். விடாதீர்கள். நிதானமாகக் குளிக்க, தலைக்குச் சாயம் போட, குழந்தையைக் குளிப்பாட்ட அந்த ஒரு சுவிட்ச்தான் வேண்டும்.

புதிதாகச் செய்பவர்களுக்கு இதைவிட எளிய ஏற்பாடு உண்டு: தரைக்கு அருகில் 3000 கெல்வின் மஞ்சள் நிறத்தில் 2 வாட்ஸ் விளக்கு சென்சாரில், பெரிய லைட் பழையபடி கை சுவிட்சில். ராத்திரி கண் கூசாது, குளியலில் இருட்டாகாது.

மதிப்பெண் கேட்டால் பிஐஆருக்கு ஐந்துக்கு இரண்டுதான். கழற்றிவிடலாமா என்று கேட்டால், ஏணியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வராதீர்கள். டைமை மட்டும் இன்னும் ஒரு நிமிடம் ஏற்ற வேண்டியிருக்கிறது.