வாயேஜர் 1: டைட்டனா, புளூட்டோவா?

எங்கள் வானியல் மன்ற விவாதத்துக்கு இந்தக் கேள்விதான் தலைப்பு. சனியைக் கடக்கும்போது நாசாவின் வாயேஜர் 1 விண்கலத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. சனியின் டைட்டன் நிலவை நெருங்கிப் பார்க்கலாம். அல்லது அதை விட்டுவிட்டு புளூட்டோ நோக்கிப் போகலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது. நான் டைட்டன் பக்கம் நின்றேன். இன்றைக்கும் அதே பக்கம்தான்.

புளூட்டோவுக்கான ஆசை புரிகிறது. 1986 வாக்கிலேயே போய்ச் சேர்ந்திருக்கலாம். நியூ ஹொரைசன்ஸ் என்ற கலம் அங்கே போனது 2015-ல்தான். ஆனால் பாதை வகுத்த காலத்தில் புளூட்டோ வெறும் ஒளிப்புள்ளி. அதன் நிலவு சாரன் கண்டுபிடிக்கப்பட்டதே 1978-ல், வாயேஜர் கிளம்பிய மறு ஆண்டு. டைட்டனின் காற்று மண்டலத்தில் மீத்தேன் இருப்பதையோ 1944-லேயே வானியலாளர் கைப்பர் கண்டறிந்துவிட்டார்.

சரி, என் முடிவுக்கு உண்மையான காரணம் அதன் ஜோடிக் கலமான வாயேஜர் 2. வெளிக்கோள்கள் வரிசையாக வாய்க்கும் இந்த அமைப்பு சுமார் 175 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும் என்று 1965-ல் பொறியாளர் ஃப்ளாண்ட்ரோ கணக்கிட்டார். அதைப் பயன்படுத்தி நான்கு கலங்கள் அனுப்ப நாசா திட்டம் போட்டது. செலவு தாங்காது என்று அது கைவிடப்பட்டு, 1972-ல் வியாழனுக்கும் சனிக்கும் மட்டும் இரண்டு கலங்களுக்கு அனுமதி கிடைத்தது. அவைதான் வாயேஜர் 1-ம் 2-ம். அந்த இரண்டில் ஒன்றாவது டைட்டனைப் பார்த்தே தீர வேண்டும் என்பதில் விஞ்ஞானிகள் உறுதியாக இருந்தார்கள். வாயேஜர் 1 அங்கே தவறினால், ஒன்பது மாதம் பின்னால் வரும் வாயேஜர் 2-ஐ டைட்டனுக்குத் திருப்புவதாக ஏற்பாடு. திருப்பியிருந்தால் யுரேனஸும் நெப்டியூனும் கைவிட்டுப் போயிருக்கும். முதல் கலம் புளூட்டோவுக்குப் போனாலும் அதே சுமைதான் இரண்டாவதன் தலையில் விழும். ஆக, தராசின் ஒரு தட்டில் புளூட்டோ. மறு தட்டில் டைட்டன், யுரேனஸ், நெப்டியூன் மூன்றும். அந்த இரண்டு கோள்களுக்கும் இன்றுவரை வேறு எந்தக் கலமும் போனதில்லை.

1980 நவம்பர் 12-ல் டைட்டன் படங்கள் வந்தபோது ஏமாற்றம்தான். ஆரஞ்சு நிற மூட்டம், தரை தெரியவே இல்லை. ஆனால் கலம் டைட்டனுக்குப் பின்னால் மறையும்போது அதன் ரேடியோ அலை காற்று மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு பூமிக்கு வந்தது. அலை எவ்வளவு வளைந்தது, எவ்வளவு மங்கியது என்பதை வைத்து, மேலிருந்து தரை வரை காற்றின் நிலையைக் கணித்தார்கள். தரையில் அழுத்தம் பூமியைப் போல ஒன்றரை மடங்கு, வெப்பநிலை மைனஸ் 180 டிகிரி அளவில், காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். இந்த எண்கள் கையில் இருந்ததால்தான் ஹைகன்ஸ் கலத்துக்கு வெப்பக் கவசமும் பாராசூட்டும் கணக்காகச் செய்ய முடிந்தது. 2005 ஜனவரி 14-ல் அது டைட்டனில் இறங்கியது.

ஒரு விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுக்கிறேன். வெளிச்சம் போதாது என்று புளூட்டோவைத் தள்ள முடியாது. 1979 முதல் 1999 வரை அது நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்தது. நெப்டியூன் தூரத்தில் வாயேஜர் 2 அந்தக் கோளின் ட்ரைட்டன் நிலவை அருமையாகப் படம் பிடித்தது. கலம் அத்தனை ஆண்டு உழைக்குமா என்ற சந்தேகத்தையும் அதே வாயேஜர் 2 தீர்த்துவைத்தது. ஆனால் அதெல்லாம் 1989-ல். முடிவெடுத்தவர்கள் கையில் இருந்தவை, சனி வரைக்கும் என்று அனுமதி வாங்கிய இரண்டு கலங்கள் மட்டும்தான்.