சொந்த மாஸ்டடான் செர்வர்: வராத பதில்களும் நானும்

மாஸ்டடான் என்பது, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் தனித்தனி செர்வர்களில் ஓடும் சமூக ஊடகம். அதன் 4.5 பதிப்பு வந்த பிறகு, வீட்டில் சொந்த செர்வர் வைத்திருப்பவர்களின் பெரிய தலைவலி, அதாவது மற்றவர்களின் பதில்கள் வந்து சேராத தொல்லை, தீர்ந்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். என் செர்வரையும் அதற்கு மாற்றிவிட்டேன். தலைவலி குறைந்திருக்கிறது, தீரவில்லை. மிச்சம் இருப்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் செர்வர் ஒரு பழைய அலுவலக மினி பிசி. 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் ஃபைபர் இணைப்பு வாசலுக்குப் பக்கத்தில் வருகிறது, அதனால் காலணி அலமாரியின் மேல் தட்டுதான் அதற்கு இடம். முதலில் ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினியில் மெமரி கார்டு போட்டு ஓட்டிப் பார்த்தேன். மாஸ்டடானின் தரவுத்தளம் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும், மெமரி கார்டு அதைத் தாங்காது. போதாததற்கு நம் ஊர்ச் சூடு வேறு. 80 டிகிரியைத் தொட்டதும் பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மினி பிசிக்கு மாறியதும் இரண்டு தொல்லையும் போய்விட்டன. வன்பொருளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

என் கோபமெல்லாம் வந்து சேராத பதில்கள் மீதுதான்.

இந்தச் செர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018இல் அதைத் தரமாக ஏற்றது. ஒருவர் பதிவு போட்டால் அது அவரைப் பின்தொடர்பவர்களின் செர்வர்களுக்குப் போகும். அதற்கு இன்னொருவர் எழுதும் பதில், பதிவு போட்டவருக்கும் பதில் எழுதியவரைப் பின்தொடர்பவர்களுக்கும் போகும். இந்த இருவரையும் பின்தொடராத எனக்கு, நண்பர் ஒருவர் பூஸ்ட் செய்ததால், அதாவது மறுபகிர்வு செய்ததால், பதிவு மட்டும் வந்து நிற்கும், பதில்கள் வராது. புளோக் கீழே நாலு பேர் பேசிக்கொண்டிருக்க, ஒருவர் குரல் மட்டும் நம் காதில் விழுவது போல. ஆயிரக்கணக்கானோர் இருக்கும் செர்வரில் யாராவது ஒருவர் அந்த நாலு பேரில் ஒருவரைப் பின்தொடர்வார், அந்த வழியாகப் பதில்கள் வந்துவிடும். என் செர்வரில் இருப்பது நானும் என் தங்கையும்.

இது எங்கே கடிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். சிம் லிம் டவரில் வாங்கிய சின்ன மின்தாள் திரை ஒன்றைக் கதவருகே மாட்டியிருக்கிறேன். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் என்ற பொதுத் தரவுத் தளத்தில் இருந்து பேருந்து வரும் நேரங்களை எடுத்து அது காட்டும். எண்கள் மாறும்போது பழைய எண்ணின் நிழல் திரையிலேயே தங்கிவிடும் தொல்லை இருந்தது. ஜெர்மனியில் ஒருவர் இதே பிரச்சினையைப் படத்தோடு போட்டிருந்தார். என் பக்கத்தில் அதற்குக் கீழே ஆறுதல் வார்த்தைகள் மட்டும் சில இருந்தன. பின்னொரு நாள் அவருடைய செர்வரிலேயே அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். பகுதி பகுதியாகச் சில முறை புதுப்பித்த பிறகு திரை முழுவதையும் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று ஒருவர் நிரலோடு தெளிவாக எழுதியிருந்தார். அன்றே எழுதிய பதில். என் வீட்டுத் திரையில் நிழல் அதுவரை அப்படியே கிடந்தது.

சில பதில்கள் வரவில்லை என்பதே நமக்குத் தெரியாது. இரண்டு பதில் தெரிந்தால், வந்ததே இரண்டுதான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவோம். அதுதான் என்னை அதிகம் எரிச்சலூட்டியது.

இதற்காகவே ஃபெடிஃபெட்சர் என்ற கருவி இருக்கிறது. குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஓடி, விட்டுப்போன பதில்களைத் தேடிக் கொண்டுவரும். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கூடவே முன்பின் தெரியாதவர்களின் முகப்புப் படங்களும் ஒளிப்படங்களும் வந்து வட்டை நிரப்பும், அதைத் துடைப்பது தனி வேலை. பல செர்வர்களின் பொதுப் பதிவுகளை மொத்தமாக அனுப்பிவைக்கும் ரிலேயைச் சேர்ப்பது இன்னொரு வழி. அது வேண்டாத பதிவுகளை வெள்ளமாகக் கொண்டுவந்து கொட்டும். சின்ன செர்வருக்கு ஒத்துவராது.

4.5இல் பதிவைத் திறந்தால் செர்வரே போய் மற்ற பதில்களைத் தேடி எடுத்துவருகிறது. நீளமான உரையாடல்கள் இப்போது பெரும்பாலும் முழுசாகத் தெரிகின்றன. உருவாக்கியவர்களுக்கு மனதார நன்றி. ஆனாலும் நான் திறந்த பிறகுதான் அது தேடப் போகும். எம்ஆர்டி ரயிலில் நின்றபடி படிக்கிறவர் அதற்குள் அடுத்த பதிவுக்குப் போயிருப்பார். பதில்களின் பட்டியலை வெளியே காட்டாத மென்பொருள்களில் இருக்கும் பதில்கள் இன்றும் வருவதில்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். நம் பதிவுக்கு நேராக வரும் பதில்கள் ஒழுங்காக வந்து சேர்கின்றன. தங்கை சன்னல் திண்டில் வந்து உட்கார்ந்த இருவாச்சியின் படத்தைப் போட்டால், சென்னையில் இருந்தும் டொரோண்டோவில் இருந்தும் தமிழில் கேள்விகள் வரும். எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து பதில் எழுதுவாள். ஜெர்மனி நமக்கு ஆறேழு மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே மாலையில் பொழுதுபோக்கு மின்னணுக்காரர்கள் சால்டரிங் இரும்போடு உட்கார்ந்து எழுதுவதெல்லாம் இங்கே விடிகாலையில் வரிசையாகக் காத்திருக்கும். எதை மேலே வைப்பது என்று எந்த நிரலும் தீர்மானிப்பதில்லை, விளம்பரமும் கிடையாது. படித்துக்கொண்டே போனால் நேற்று விட்ட இடம் வந்துவிடும். வேறு எந்தச் சமூக ஊடகத்திலும் எனக்கு இந்த நிம்மதி கிடைத்ததில்லை. என் செர்வரை நான் நிறுத்தப் போவதில்லை.

அப்படியும், புதிதாக வருகிறவர்கள் சொந்த செர்வர் வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். செர்வர் பராமரிப்பே உங்கள் பொழுதுபோக்கு என்றால் அது வேறு. பேசவும் படிக்கவும் வருகிறீர்கள் என்றால், விதிகளைத் தெளிவாக எழுதி வைத்து, ஒழுங்காகக் கண்காணிக்கிற நடுத்தரச் செர்வர் ஒன்றில் சேருங்கள், பதில்கள் தாமாக வந்து சேரும். அந்தச் செர்வர் உங்களுக்குப் பிடிக்காவிட்டால் பின்தொடர்பவர்களை வேறு செர்வருக்கு அழைத்துப் போகலாம். பழைய பதிவுகள் மட்டும் உங்களோடு வராது. அதனால் நிறைய எழுதிக் குவிப்பதற்கு முன்பே, இருப்பதா மாறுவதா என்று முடிவு செய்துவிடுங்கள்.