அசெம்பிள் செட்டா, கிளாஸ் டி பெட்டியா, கம்பெனி ஆம்பா? கொங்கு வீடுகளுக்கு ஓர் அலசல்

கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவர் வாயில் முதலில் வருவது, "எத்தன வாட்டுங்கண்ணா?" என்பதுதான். பதில் ஐந்நூறாகவும் இருக்கும், இரண்டாயிரமாகவும் இருக்கும். அந்த எண்ணை நம்பி எதையும் வாங்க முடியாது. அதைவிட முக்கியமான கேள்விகள் வீட்டிலேயே இருக்கின்றன. ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் லைனில் எத்தனை வோல்ட் வருகிறது? எர்த் ஒழுங்காக இருக்கிறதா? டிவி ரிமோட் பெரும்பாலும் யார் கையில் இருக்கிறது? ஆம்ப் எது, கேபிள் எது என்பதை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கும்.

வாட் கணக்கை முதலில் முடித்துவிடலாம். சென்சிட்டிவிட்டி 87 டெசிபல் என்று போட்ட ஸ்பீக்கர், 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபல் சத்தம் தரும். 10 வாட்டுக்கு 97, 100 வாட்டுக்கு 107. அதாவது வாட்டைப் பத்து மடங்கு ஆக்கினால்தான் காதுக்குச் சுமார் இரண்டு மடங்காகத் தெரியும். 12க்கு 15 அடி ஹாலில் சாதாரணமாகப் பாட்டு கேட்கும்போது ஓடுவது ஓரிரு வாட்தான். வள்ளி கும்மிப் பாட்டில் தாளம் ஓங்கி விழும் அந்த நொடிக்கு மட்டும் இருபது, முப்பது கேட்கும். ஆகவே நேர்மையான 40, 50 வாட் எந்த வீட்டு ஹாலுக்கும் தாராளம். சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் பக்கத்துச் சுவரிலேயே தறி ஓடுகிறது என்றால் அது வேறு வழக்கு. அதை வாட்டால் ஜெயிக்க முடியாது.

இனி போட்டியாளர்கள். அசெம்பிள் செட்டை, அதாவது உள்ளூர் மெக்கானிக் பாகங்களை வாங்கிக் கட்டித் தரும் ஆம்பை, ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சி5200, ஏ1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டு, நல்ல டிரான்ஸ்ஃபார்மர், பெரிய ஹீட்சிங்க், இவ்வளவும் ஒழுங்காக அமைந்தால் சத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போனால் உள்ளூரிலேயே அரை நாளில் சரிசெய்து தருவார்கள். இது சின்ன விஷயமல்ல. பம்ப் மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் வைண்டிங் கட்டியே பழகிய ஊர் என்பதால், டிரான்ஸ்ஃபார்மர் தரமாகக் கட்டித் தர ஆள் கிடைப்பதும் எளிது. ஆனால் மூன்று விஷயத்தில் விடாப்பிடியாக இருக்க வேண்டும். வைண்டிங் காப்பரா, அலுமினியமா? டிரான்சிஸ்டர் அசலா? (தோஷிபா பெயர் அச்சடித்த போலிகள் சந்தையில் மலிந்து கிடக்கின்றன.) ஸ்பீக்கர் புரொடெக்ஷன் போர்டு இருக்கிறதா? மூன்றாவதுதான் உயிர்நாடி. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் டிசி மின்சாரம் நேராக ஸ்பீக்கருக்குள் பாயும். சில நொடிகளில் வூஃபர் காயில் கருகிவிடும். புரொடெக்ஷன் இருந்தால் 'டக்' என்று ரிலே விழுந்து லைனைத் துண்டித்துவிடும். சில நூறு ரூபாய் போர்டை மிச்சம் பிடிக்கப் போய் சில ஆயிரம் ரூபாய் ஸ்பீக்கரைப் பலி கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அசெம்பிள் செட்டின் பலவீனம் சத்தத்தில் இல்லை, கரண்டில் இருக்கிறது. தோட்டத்து வீட்டுக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். லைனின் கடைசியில் இருக்கும் வீடு, சுற்றிலும் போர் மோட்டார்கள் ஓடும் நேரம், 230 வோல்ட் 180க்கு இறங்கிவிடும். சாதா டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்பில் உள்ளே ஓடும் வோல்ட்டும் அதே விகிதத்தில் இறங்கும். வாட் அதற்கும் மேலாக, வோல்ட்டின் இருமடிக் கணக்கில் இறங்கும். 180 வோல்ட்டில் உங்கள் 50 வாட் ஆம்ப் உண்மையில் 30 வாட் ஆம்ப்தான்.

இங்கேதான் சின்ன கிளாஸ் டி பெட்டி (டிரான்சிஸ்டரை ஸ்விட்ச் மாதிரி வேகமாக ஆன், ஆஃப் செய்து ஓட்டும் வகை) முந்துகிறது. ஃபோசி, ஐயிமா என்று கையகலத்துக்கு வரும் சீனப் பெட்டிகளில் பெரும்பாலும் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்தான் இருக்கும். அசெம்பிள் செட்டிலும் கம்பெனி ஆம்பிலும் வழக்கமாக இருக்கும் கிளாஸ் ஏபி முறை, வாங்கும் கரண்டில் பாதிக்கு அருகில் சூடாக்கியே வீணடிக்கும். கிளாஸ் டி எண்பது, தொண்ணூறு சதவீதத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். சித்திரை வெயிலில் மூடிய டிவி யூனிட்டுக்குள் வைத்தாலும் பிரச்சினை இல்லை. கூட வரும் அடாப்டர் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் ஏற்கும், 180 அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அதன் எமன் வேறு: நியூட்ரல் கட்டாகி ஹை வோல்ட் ஏறினால் முதலில் சாவது அந்த அடாப்டர்தான்.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள். கணக்கு நீங்களே போடலாம். அடாப்டர் வோல்ட்டை அதே எண்ணால் பெருக்குங்கள். வருவதை, ஸ்பீக்கர் ஓம்ஸின் இரண்டு மடங்கால் வகுங்கள். 24 வோல்ட் அடாப்டர், 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்: 576ஐ 16ஆல் வகுத்தால் 36. ஒரு சேனலுக்குச் சிதையாமல் கிடைக்கக்கூடிய உச்சமே அதுதான், நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் குறையும். அப்புறம் எங்கிருந்து வந்தது அட்டையில் இருக்கும் நூறு வாட்? பெரிய அடாப்டர், 4 ஓம்ஸ், சத்தம் பத்து சதவீதம் சிதைந்த நிலை என்று எல்லாச் சலுகையும் கொடுத்து எடுத்த எண். ஆனால் அந்த முப்பத்துச் சொச்சமே ஹாலுக்குப் போதும் என்பதுதான் மேலே பார்த்த கணக்கு. மலிவான கிளாஸ் டி போர்டுகளில் இன்னொரு குறை: ஸ்பீக்கரின் ஓம்ஸைப் பொறுத்து மேல் ஸ்தாயி கொஞ்சம் மாறும். ஒரு ஸ்பீக்கரில் கூர்மையாகவும் இன்னொன்றில் மந்தமாகவும் கேட்கும். பழுதானால் உள்ளூர் மெக்கானிக் தொட மாட்டார், தூக்கிப் போட வேண்டியதுதான்.

கம்பெனி இன்டகிரேட்டட் ஆம்ப் என்றால் டெனான் பிஎம்ஏ-600என்இ, யமஹா ஏ-எஸ்301 மாதிரி. டெனான் 8 ஓம்ஸில் 45 வாட், யமஹா 60 வாட். எண் சிறிதாகத் தெரியும், ஆனால் இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போது சிதையாமல் தரும் எண் அது. டிவியின் டிஜிட்டல் சத்தத்தை வாங்கும் ஆப்டிகல் (வெளிச்சத்தில் போவது), கோஆக்சியல் (உலோக ஒயரில் போவது) இரண்டு இணைப்பும் இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஃபோனோவும் உண்டு. டவுனில் கரண்ட் நிலையாக வரும் வீடு, நல்ல ஸ்பீக்கர், பத்து வருஷம் மாற்றுகிற எண்ணமில்லை என்றால் என் ஓட்டு இதற்குத்தான். இதுவும் டிரான்ஸ்ஃபார்மர் இனம் என்பதால் தோட்டத்தில் வைக்க ஸ்டெபிலைசர் வேண்டும். ஸ்கொயர் வேவ் யுபிஎஸ்ஸில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சைன் வேவ்தான் சரிவரும்.

ஏவி ரிசீவர் (பல ஸ்பீக்கர்களை ஓட்டும் ஹோம் தியேட்டர் ஆம்ப்)? தனி ரூம், ஐந்து ஸ்பீக்கர், படம் பார்ப்பதுதான் முதல் வேலை என்றால் வாங்குங்கள். பாட்டுக்காக மட்டும் என்றால் அந்தக் காசின் பாதியை ஸ்பீக்கரில் போடலாம். மீதியில் ஹாலுக்குக் கனமான திரைச்சீலை வாங்கிப் போடுங்கள். கிரானைட் தரையும் வெறும் சுவரும் கெடுக்கிற அளவுக்கு எந்த ஆம்பும் சத்தத்தைக் கெடுப்பதில்லை.

இனி இணைப்பு. டிவியிலிருந்து ஆப்டிகலில் எடுத்தால் தெளிவு அதிகமா, எச்டிஎம்ஐ ஏஆர்சியில் (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ ஒயர் வழியாகவே ஆம்புக்கு அனுப்பும் வசதி) அதிகமா என்று மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். இரண்டு சேனல் பாட்டுக்கு இரண்டிலும் போவது ஒரே டிஜிட்டல் எண்கள்தான், ஒரு வித்தியாசமும் கேட்காது. தங்கமுலாம் பூசிய ஆப்டிகல் கேபிளும் அப்படியே. உள்ளே போவது வெளிச்சம், அதற்குத் தங்கம் எதற்கு? வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: ஹம்மிங்கில்.

ஆம்பை டிவியோடு சாதா ஆக்ஸ் ஒயரில் இணைத்ததும் 'ம்ம்ம்' என்று அடி வயிற்றிலிருந்து ஒரு முனகல் வரும். செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள் டிவி ஒயரை, இல்லாவிட்டால் டிஷ் ஒயரை, கழற்றிப் பாருங்கள். முனகல் அப்படியே நின்றுவிட்டால் ஆம்ப் குற்றவாளி அல்ல. கேபிளின் வெளிப்பின்னல் ஓரிடத்தில் பூமியைத் தொடுகிறது, ஆம்பின் எர்த் இன்னோர் இடத்தில் தொடுகிறது, இரண்டுக்கும் நடுவே ஆடியோ ஒயர் வழியாக 50 ஹெர்ட்ஸ் சுற்றுகிறது. இதற்கு ப்ளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடும் வைத்தியம் ஊரெல்லாம் நடக்கிறது. முனகல் நிற்கும், ஆனால் பெட்டியில் கசிவு வந்தால் கையில் ஷாக் அடிக்கும். தயவுசெய்து வேண்டாம்.

ஆப்டிகல் இதை வேரோடு தீர்க்கிறது. 1983இல் தோஷிபா கொண்டுவந்த பழைய சங்கதிதான். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் இழையில் வெளிச்சம் மட்டும் போகிறது, மின்சாரம் போக வழியே இல்லை. ஐப்பசி இடியில் டிஷ் வழியாக இறங்கும் மின்னலும் டிவியோடு நின்றுவிடும், ஆம்புக்குத் தாவாது. எச்டிஎம்ஐயில் அந்தப் பாதை திறந்தே கிடக்கும். (மெயின் லைன் வழியாக வந்தால் ஆப்டிகலும் காப்பாற்றாது. இடி இடித்தால் ப்ளக்கைப் பிடுங்குவதே உத்தமம்.) கோஆக்சியலும் உலோக ஒயர்தான், ஹம்மிங் திரும்ப வரலாம். ஆனால் வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் ஆர்ஜி6 டிஷ் ஒயரின் இரு முனையிலும் ஆர்சிஏ ப்ளக் போட்டால் போதும், 75 ஓம்ஸ் கோஆக்சியல் கேபிள் ரெடி. அதில் காசு மிச்சம்.

ஏஆர்சி ஜெயிப்பது ரிமோட்டில். பெரும்பாலான டிவிகளில் ஆப்டிகல் போட்டால் டிவி ரிமோட்டின் வால்யூம் பட்டன் வேலை செய்யாது, ஆம்புக்குத் தனி ரிமோட் தேட வேண்டும். "ஏங்கண்ணு, சத்தம் குறைய மாட்டேங்குது" என்று அப்பத்தா கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். ஏஆர்சியில் ஒரே ரிமோட், டிவியோடு ஆம்பும் தானாக அணையும். ஓடிடியில் வரும் அட்மாஸ் (டால்பியின் சுற்றொலி) ஏஆர்சியில் போகும், ஆப்டிகலில் போகாது. ப்ளூரேயின் ட்ரூஎச்டி (தரம் குறையாத டால்பி சத்தம்) வேண்டுமென்றால் ஏஆர்சியின் புதிய வடிவமான இஏஆர்சிதான். விம் ஆம்ப் மாதிரி 2023 முதல் வந்த சில கிளாஸ் டி பெட்டிகளிலேயே ஏஆர்சி இருப்பதால், பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதுவே என் முதல் யோசனை. எர்த் சரியில்லாத வீடு, தோட்டத்து வீடு என்றால் ரிமோட் தொல்லையைப் பொறுத்துக்கொண்டு ஆப்டிகல்.

புளூடூத் காலையில் சுப்ரபாதத்துக்குப் போதும். டிவிக்கு வேண்டாம், உதடு முன்னால் அசையும், பேச்சு பின்னால் வரும். கம்ப்யூட்டரிலிருந்து கேட்கிறவர்களுக்கு யூஎஸ்பி டாக் (டிஜிட்டல் எண்களைச் சத்தத்துக்கான மின்சாரமாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி) நல்ல வழி.

ஆப்டிகல் போட்டதும் "சத்தமே வரலைங்க" என்று செட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகுமுன் இரண்டைப் பாருங்கள். கேபிள் நுனியில் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றினால்தான் சிவப்பு வெளிச்சம் தெரியும். அடுத்து, டிவியின் சவுண்ட் மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் 'ஆட்டோ'விலோ 'பிட்ஸ்ட்ரீ'மிலோ இருக்கும். அப்போது டிவி டால்பியாகச் சுருக்கிய சத்தத்தை அனுப்பலாம், ஸ்டீரியோ ஆம்புக்கு அது புரியாது. அதை 'பிசிஎம்' (சுருக்காத சாதா டிஜிட்டல் சத்தம்) என்று மாற்றுங்கள்.